கண்ணாடியில் மின்சாரம் ஓட: வெள்ளீய ஆக்சைடு மென்படலம் செய்ய முழுமையான வழிகாட்டி

பாலக்காட்டுப் பக்கத்து வீடுகளில் ஈயச்சொம்பு ரசம் தெரியாதவர்கள் குறைவு. பெயரில் ஈயம் இருந்தாலும் அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால் 232 டிகிரி செல்சியஸில் உருகி ஒழுகிவிடும். அதனால்தான் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே தீயைக் காட்டச் சொல்வார்கள் பாட்டிகள். அதே வெள்ளீயம் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாகிவிட்டால் அதன் குணமே வேறு. 1,600 டிகிரியைத் தாண்டினாலொழிய உருகாது. அமிலம் எளிதில் அரிக்காது. கண்ணாடிமேல் மிக மெல்லிய படலமாகப் படிந்தால் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் வழியே மின்சாரம் ஓடும்.

அந்தப் படலத்தை நம் கையால் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் எனக் கேரள-தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவர்களோடு பல ஆண்டுகளாக இயற்பியல் ஆய்வகத்தில் நின்றிருக்கிறேன். அவர்களுக்குச் செய்முறைக் குறிப்பு ஆங்கிலத்தில் கிடைக்கும். ஆய்வகப் பேச்சு மலையாளத்தில் நடக்கும். புரிதல் மட்டும் தமிழில் நிகழும். மூன்றுக்கும் நடுவில் ஒரு முக்கியமான எச்சரிக்கை தவறிப்போவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே முழுவதையும் தமிழில், ஒரு படியும் விடாமல் தருகிறேன்.

செய்வதற்கு முன்: இது ஏன் நடக்கிறது?

செம்பு மின்சாரத்தைக் கடத்தும், ஒளியை விடாது. கண்ணாடி ஒளியை விடும், மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டும் ஒரே பொருளில் சேர்வது இயற்கையில் அரிது. காரணத்தை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் தானாகப் புரியும்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிக ஆற்றல் உள்ளது ஊதா. அதன் ஆற்றல் சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல்களை அளக்கும் அலகு). வெள்ளீய ஆக்சைடில் எலக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டிருக்கும் இணைதிறன் பட்டைக்கும் அவை தாராளமாக உலவும் கடத்து பட்டைக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட். ஊதா ஒளியாலும்கூட ஓர் எலக்ட்ரானை அந்த இடைவெளியைத் தாண்டித் தூக்க முடியாது. தூக்க முடியாத ஒளி உறிஞ்சப்படாமல் மறுபக்கம் போய்விடுகிறது. படலம் தெளிவாக இருப்பதன் காரணம் அவ்வளவுதான்.

மின்சாரத்துக்கு எலக்ட்ரான்கள் எங்கிருந்து வருகின்றன? படிகத்தில் உள்ள குறைகளிலிருந்து. ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகக் கிடந்தால், அந்த ஆக்சிஜன் பிடித்து வைத்திருக்க வேண்டிய எலக்ட்ரான்கள் தனித்து நிற்கின்றன. இன்னும் நல்ல வழி, ஆக்சிஜனின் இடத்தில் ஃபுளூரினை உட்கார வைப்பது. இரண்டு அயனிகளும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஃபுளூரினுக்கு ஒரு எலக்ட்ரான் குறைவாகப் போதும். மிச்சமாகும் எலக்ட்ரான் படிகம் முழுவதும் உலவத் தொடங்குகிறது. இதைத்தான் பாடநூல் மாசூட்டல் என்கிறது.

இங்கே ஓர் எல்லை இருக்கிறது. நல்ல படலத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10-இன் 20 அல்லது 21-ஆம் அடுக்கு அளவுக்கு எலக்ட்ரான்கள் இருக்கும். அந்த அளவில் படலம் அகச்சிவப்பை, அதாவது வெப்பக் கதிரை, உலோகம் போலத் திருப்பி அனுப்பத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விட்டுவைக்கும். எலக்ட்ரான்களைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த எதிரொளிப்பு மெல்ல மெல்லச் சிவப்பொளியின் பக்கம் நெருங்கும். மாசும் ஓர் அளவுக்கு மேல் போனால் எலக்ட்ரான்களே மோதித் தடுமாறும். தெளிவும் கடத்துதிறனும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. இந்த வேலையில் நாம் திருகும் ஒவ்வொரு திருகும் அந்த இழுபறிக்குள்தான் இருக்கிறது.

இந்தத் துறையின் தொடக்கம் 1907. கார்ல் பேடெக்கர் என்ற ஜெர்மானியர் காட்மியம் படலத்தை ஆக்சைடாக்கியபோது அது ஓரளவு தெளிவாகவும் அதே சமயம் மின்கடத்தியாகவும் இருப்பதைக் கண்டார். காட்மியம் நஞ்சு, அதனால் அது ஆய்வோடு நின்றது. வெள்ளீய ஆக்சைடு பயன்பாட்டுக்கு வந்தது 1940-களில், இரண்டாம் உலகப் போரின்போது. விமானத்தின் முன்கண்ணாடியில் பனி உறையாமல் இருக்க அந்தக் கண்ணாடியையே சூடாக்க வேண்டியிருந்தது. பார்வையும் மறையக் கூடாது. சூடான கண்ணாடிமேல் வெள்ளீயக் குளோரைடைத் தெளித்து அதைச் சாதித்தார்கள். நாம் செய்யப்போவதும் அடிப்படையில் அதே வேலைதான்.

எந்த ஆக்சைடு?

கைபேசித் திரைகளில் இருப்பது பெரும்பாலும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு. எடையில் சுமார் 90 சதவீதம் இண்டியம் ஆக்சைடு, மீதி வெள்ளீய ஆக்சைடு. கடத்துதிறனில் அதுவே முதலிடம். ஆனால் இண்டியம் தனிச் சுரங்கத்தில் கிடைப்பதில்லை. துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கும்போது துணைப்பொருளாக வருகிறது. விலையும் அதிகம். அந்தப் படலத்தை நன்றாகச் செய்ய வெற்றிடக் கருவி வேண்டும். காற்றில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதன் மின்தடை ஏறிவிடும்.

அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடு மலிவு, நஞ்சில்லாதது. ஆனால் ஈரத்துக்கும் அமிலத்துக்கும் தாங்காது. ஜூன் மழையில் எங்கள் ஆய்வகத்தில் வைத்த துத்தநாகப் படலங்களின் மின்தடை வாரத்துக்கு வாரம் ஏறியதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

எங்களைப் போன்ற சிறிய ஆய்வகத்துக்கு வெள்ளீய ஆக்சைடுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. வெற்றிடம் வேண்டாம், சூடு தாங்கும், மழை தாங்கும், நகத்தால் கீறினாலும் போகாது.

ஒரு சிறு விலகல். தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், எல்லைக்கு அப்பால் கொல்லம் மாவட்டத்துச் சவறாவிலும் கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். அதில் இல்மனைட் இருக்கிறது. இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். அந்த டைட்டானியம் டை ஆக்சைடில் நியோபியத்தைக் கலந்தால் அதுவும் தெளிவான கடத்தியாகும் என்று 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் கரைமணலுக்குள் இப்படி ஒரு சாத்தியம் கிடக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்களின் முகம் மாறும்.

படி 1: இடமும் பாதுகாப்பும்

சூடான கண்ணாடியில் வெள்ளீயக் குளோரைடு படும்போது ஆக்சைடு உண்டாகிறது. கூடவே ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறுகிறது. மூச்சுக்குள் போனால் தொண்டையை எரிக்கும். வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கி அலமாரி (fume hood) இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் செய்யவே கூடாது. கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கை மேலங்கி மூன்றும் கட்டாயம்.

ஃபுளூரின் சேர்க்கும் கட்டத்துக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அமோனியம் ஃபுளூரைடு அமிலக் கரைசலில் கலந்தால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் உண்டாகும். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே வலிக்காமல் போகலாம். சில மணி நேரம் கழித்து எலும்புவரை வேதனை தரும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தக் கரைசலைக் கலக்காதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, ஜெல்லைத் தடவி, வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். இந்தக் கட்டத்தை மாணவர் தனியாகச் செய்யவே கூடாது. ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இந்த வசதிகள் இல்லையென்றால் வருந்த வேண்டாம். ஃபுளூரின் கலந்த வெள்ளீய ஆக்சைடு பூசிய கண்ணாடி விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு நேரே படி 6-க்குப் போங்கள். அளவிடுவதிலும் வடிவம் வெட்டுவதிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

படி 2: கண்ணாடியைத் தேய்த்துக் கழுவுதல்

நுண்ணோக்கிக்குப் பயன்படும் 75 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரணக் கண்ணாடித் தகடு போதும். சோப்புத் தூள் கரைத்த வெந்நீரில் விரலால் தேய்த்துக் கழுவி, வாலை வடிநீரில் அலசி, அசிட்டோனிலும் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் பத்து நிமிடம் வீதம் ஊறவைத்து உலர்த்துங்கள். சுத்தமா என்று அறிய ஒரு சொட்டு வடிநீர் விடுங்கள். சொட்டு முத்தாக நின்றால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது, மீண்டும் கழுவுங்கள். தட்டையாகப் பரவினால் சரி. அதன் பிறகு ஓரத்தைத் தவிர வேறெங்கும் விரல் படக் கூடாது.

காய்ந்த தகட்டை 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். படலத்தின் கனத்தை அளக்க விலையுயர்ந்த கருவி இல்லாத நமக்கு இந்த ஒரு எண் பெரிய உதவி.

படி 3: கரைசல்

வெள்ளீயக் குளோரைடு டைஹைட்ரேட் 4.5 கிராம் எடுங்கள். இதை நேரே தண்ணீரில் போட்டால் மோர் போல வெளுத்துக் கலங்கும். தண்ணீரோடு வினைபுரிந்து கரையாத உப்பாக மாறுவதே காரணம். அந்தக் கலங்கலைத் தெளித்தால் படலத்தில் பொடிதான் படியும். ஆகவே முதலில் புகைபோக்கி அலமாரிக்குள் வைத்து 5 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மெல்லச் சூடேற்றிக் கரையுங்கள். முழுவதும் தெளிந்த பிறகு, ஆறவிட்டு, வடிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 100 மில்லிலிட்டர் ஆக்குங்கள். இது 0.2 மோலார் கரைசல்.

பல ஆய்வகங்களில் தண்ணீருக்குப் பதில் மெத்தனால் ஊற்றுவார்கள். துளி நுண்ணியதாக வரும் என்பது உண்மை. ஆனால் 450 டிகிரித் தட்டுக்கு மேல் மெத்தனால் ஆவியைத் தெளிப்பது தீயோடு விளையாடுவது. முதல்முறை செய்பவர்களுக்குத் தண்ணீரையே நான் பரிந்துரைக்கிறேன்.

பாட்டிலைத் திறந்து பல மாதமான குளோரைடு காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக் கெட்டிருக்கும். கட்டி தட்டியிருந்தால் வேறு எடுங்கள். கரைசலை அன்றன்றே செய்து அன்றன்றே தீர்த்துவிடுவது நல்லது.

முதல் இரண்டு தகடுகளை மாசு எதுவும் சேர்க்காமல் செய்யுங்கள். வெறும் வெள்ளீய ஆக்சைடும் ஆக்சிஜன் காலியிடங்களால் ஓரளவு கடத்தும். கை பழகிய பிறகு, நான்கு பிளாஸ்டிக் பாட்டில்களில் இதே கரைசலை எடுத்து, 100 மில்லிலிட்டருக்கு 0, 0.15, 0.30, 0.45 கிராம் அமோனியம் ஃபுளூரைடு சேர்த்து வரிசையாக வையுங்கள். உப்பைத் தனியே சிறிது வடிநீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். வெள்ளீய அணு நூற்றுக்கு ஏறக்குறைய 0, 20, 40, 60 ஃபுளூரின் என்ற கணக்கு இது. இவ்வளவு அதிகமா என்று தோன்றும். தெளிக்கும்போது பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். படலத்துக்குள் நுழைவது மிகச் சிறு பங்குதான். பிளாஸ்டிக் பாட்டில் என்று சொன்னதற்குக் காரணம், இந்தக் கரைசல் கண்ணாடியை அரிக்கும்.

படி 4: சூடு

இந்த வேலையில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகின்றன. சூடேற்றும் தட்டின் முகப்பில் 450 என்று காட்டினால் உங்கள் கண்ணாடியின் மேற்பரப்பும் 450 என்று நம்பிவிடாதீர்கள். 30 முதல் 60 டிகிரி வரை குறைவாக இருப்பதை அளந்து பார்த்திருக்கிறேன். உங்கள் தகட்டுக்குப் பக்கத்தில் அதே கனமுள்ள இன்னொரு தகட்டை வைத்து, அதன் மேல்முகத்தில் வெப்பநிலை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிளின் முனையை அழுத்திப் பொருத்துங்கள். அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

மேற்பரப்பு 420 முதல் 450 டிகிரிக்குள் இருக்கட்டும். 350-க்குக் கீழே போனால் படிகம் சரியாக உருவாகாது, குளோரின் எச்சம் படலத்தில் தங்கும், மின்தடை எக்கச்சக்கமாக ஏறும். 500-ஐத் தாண்டினால் துளி தகட்டைத் தொடுவதற்கு முன்பே காய்ந்து பொடியாகி, மாவு தூவியதுபோல வெளுத்த படிவு வரும். சாதாரணக் கண்ணாடியும் அந்தச் சூட்டில் வளையத் தொடங்கும்.

தகட்டைக் குளிர்ந்த தட்டில் வைத்து, தட்டோடு சேர்த்தே சூடேற்றுங்கள். சூடான தட்டில் குளிர்ந்த கண்ணாடியை வைத்தால் வெடிக்கும்.

படி 5: தெளித்தல்

மாசில்லாத கரைசலுக்கு, வேதியியல் துறையில் குரோமட்டோகிராஃபித் தகடுகளுக்கு மருந்து தெளிக்க வைத்திருக்கும் கண்ணாடித் தெளிப்பான் மிகப் பொருத்தம். ஃபுளூரின் உள்ளதற்குப் பிளாஸ்டிக் தெளிப்பான். உலோகத் தெளிப்பான் வேண்டாம். அமிலம் இரும்பை அரித்து, துரு படலத்தில் கலந்துவிடும்.

தெளிப்பான் முனை தகட்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஒன்று அல்லது இரண்டு விநாடி மட்டும் தெளியுங்கள். தெர்மோகப்பிளைப் பாருங்கள்: 440-இல் இருந்தது 410-க்கு விழும். மீண்டும் 440-க்கு ஏறும்வரை, சுமார் அரை நிமிடம், காத்திருங்கள். பிறகு அடுத்த தெளிப்பு. இப்படி அறுபது எழுபது முறை. அலுப்பான வேலைதான். அந்த அரை நிமிடத்தைப் பொறுக்காமல் தொடர்ந்து தெளித்த மாணவர்களின் தகடுகளெல்லாம் ஒன்றுபோல விரிசல் விட்டன, அல்லது பால் படிந்ததுபோல் மங்கின.

நல்ல துளி தகட்டில் படும்போது நனைந்த தடம் தெரியக் கூடாது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோலத் துளி உருண்டு சீறினால் துளி பெரிது அல்லது தூரம் குறைவு. நல்ல தெளிப்பு, மூடுபனி தொட்டதுபோலச் சத்தமில்லாமல் மறையும்.

இப்போது தகட்டைச் சாய்வாகப் பாருங்கள். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. முதலில் லேசான வெள்ளி மினுக்கம். பிறகு வைக்கோல் மஞ்சள். கொஞ்ச நேரத்தில் ஊதா, நீலம். மேலும் கனக்கக் கனக்க இளஞ்சிவப்பும் இளம்பச்சையும் மாறி மாறி வரும், மழை நனைத்த சாலையில் சிந்திய எண்ணெய் மேல் தெரிவதுபோல. படலத்தின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்தும் வெட்டியும் தரும் நிறங்கள் அவை. இளஞ்சிவப்பும் பச்சையும் இரண்டாவது முறை வந்தபோது நிறுத்துவது எங்கள் வழக்கம். தகடு முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் படலம் சமமான கனம். வரி வரியாக இருந்தால் கனம் மாறுகிறது.

தெளித்து முடித்ததும் தட்டை அணைத்துவிட்டு, தகட்டைத் தொடாமல் அதோடு சேர்ந்தே ஆறவிடுங்கள். இடுக்கியால் அவசரமாக எடுத்தால் படலத்தோடு கண்ணாடியும் இரண்டாகும்.

காற்றைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுக்கிறது. அந்தக் கணவாய் வழியாக ஜூன் தொடங்கி மேற்குக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். ஓர் ஆண்டு ஜூனில் செய்த தகடுகள் எல்லாம் ஒரு முனையில் 40 ஓம், மறுமுனையில் 900 ஓம் என்று காட்டின. கரைசலை மாற்றினோம், தெளிப்பானை மாற்றினோம், பயனில்லை. கடைசியில் ஒரு மாணவி ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஆறிய தட்டின் பக்கத்தில் பிடித்தாள். புகை நேராக மேலே போகாமல் கிழக்கே சாய்ந்தது. மூடியிருந்த சன்னலின் அடிச்சட்டத்தில் விரல் நுழையும் இடைவெளி. துணியைத் திணித்து அடைத்தோம். மறுநாள் தகட்டில் இரு முனைக்கும் வேறுபாடு பத்து ஓமுக்குள் வந்தது. எல்லைப் பகுதியில் யார் இதைச் செய்தாலும் முதலில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். பற்றவைப்பது தட்டு குளிர்ந்திருக்கும்போது, ஆல்கஹால் பாட்டில்கள் அருகில் இல்லாதபோது மட்டும்.

படி 6: அளத்தல்

முதலில் கனம். தகட்டை மீண்டும் எடை போடுங்கள். வெள்ளீய ஆக்சைடின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.95 கிராம், தகட்டின் பரப்பு 18.75 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால், கூடிய ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் சுமார் 77 நானோமீட்டர் கனம். 6.5 மில்லிகிராம் கூடியிருந்தால் படலம் 500 நானோமீட்டர். அடிப்பக்கத்தில் ஏதும் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு எடை போடுங்கள், இல்லையென்றால் கணக்கு பொய்க்கும்.

அடுத்து மின்தடை. படலங்களுக்குத் தகட்டு மின்தடை என்ற அளவைப் பயன்படுத்துகிறோம். ஒரு சதுரப் படலத்தின் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையே உள்ள மின்தடை அது. சதுரம் சிறிதானாலும் பெரிதானாலும் மதிப்பு ஒன்றே. நீளம் கூடினால் தடை கூடும், அதே அளவு அகலமும் கூடுவதால் தடை குறைந்து சமமாகிவிடும். ஆகவே தகட்டின் குறுக்கே, 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, வெள்ளிப் பசையால் இரண்டு கோடுகள் முழு அகலத்துக்கும் போடுங்கள். நடுவில் உள்ளது 25-க்கு 25 சதுரம். மல்டிமீட்டர் முனைகளைக் கோடுகளில் வைத்துப் படியுங்கள். முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தால் காட்டும் மதிப்பை அதிலிருந்து கழியுங்கள். மாசில்லாத படலம் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். ஃபுளூரின் சேர்ந்த நல்ல படலம் பத்துக்கணக்கில் இறங்கும். கடையில் வாங்கும் கண்ணாடி 7 முதல் 15 ஓம் வரை இருக்கும்.

நான்கு முனை அளவி இருந்தால் அதுவே மேல். வெளிமுனை இரண்டில் மின்னோட்டம், உள்முனை இரண்டில் மின்னழுத்தம்; மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.53-ஆல் பெருக்கினால் தகட்டு மின்தடை. முனைகளின் இடைவெளியைவிடப் படலம் மிகப் பெரிதாக இருக்கும்போது மட்டுமே இந்த எண் பொருந்தும்.

படலத்தில் ஓடுவது எலக்ட்ரான்தானா என்று சோதிக்கவும் எளிய வழி உண்டு. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, நேர் முனையைச் சால்டரிங் இரும்பால் சூடாக்கி, இரண்டு முனைகளையும் படலத்தில் வையுங்கள். சூடான இடத்திலிருந்து எலக்ட்ரான்கள் குளிர்ந்த பக்கம் நகர்வதால் சூடான முனை நேர்மின் காட்டும். எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள் நேர்மின் போல நகரும் நேர்மின் வகைக் கடத்தியாக இருந்தால் குறி மாறியிருக்கும்.

தெளிவை அளக்க நிறமாலைமானி இருந்தால் 550 நானோமீட்டரில் பாருங்கள். வெறும் கண்ணாடியே சுமார் 92 சதவீதம்தான் விடும், இரு முகங்களிலும் எதிரொளிப்பதால். படலத்தோடு 80-ஐத் தாண்டினால் மகிழலாம். கருவி இல்லையென்றால் ஒரு நாளிதழின் சிறிய எழுத்தின்மேல் தகட்டை ஒரு சாண் உயர்த்திப் பிடித்துப் படியுங்கள். எழுத்து மங்கினால் படலத்தில் பொடி இருக்கிறது.

இரண்டு அளவையும் சேர்த்து ஒரு தகட்டை மற்றொன்றோடு ஒப்பிட, 1976-இல் ஹாக்கே என்ற ஆய்வாளர் தந்த வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஒளி விடும் பின்னத்தைப் பத்தாம் அடுக்குக்கு உயர்த்தி, தகட்டு மின்தடையால் வகுப்பது. 85 சதவீதம் விட்டு 10 ஓம் உள்ள தகட்டுக்கு 0.0197. 88 சதவீதம் விட்டாலும் 20 ஓம் இருந்தால் 0.0139. நான்கு பாட்டில் கரைசல்களுக்கும் இந்த எண்ணை வரைபடத்தில் குறித்தால் நடுவில் ஒரு மேடு எழும். அந்த மேடு உங்கள் ஆய்வகத்துக்கு, உங்கள் தெளிப்பானுக்கு உரியது. வேறொருவரின் மேடு வேறிடத்தில் இருக்கலாம்.

படி 7: வடிவம் வெட்டுதல்

தெளிவான மின்சுற்று வேண்டுமென்றால் படலத்தைத் தேவையான இடத்தில் மட்டும் விட்டு மற்றதை நீக்க வேண்டும். தங்கவேண்டிய பகுதியை ஒட்டுநாடாவால் மூடுங்கள்; விளிம்பை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். நீக்கவேண்டிய இடத்தில் துத்தநாகத் தூளை மெல்லிய அடுக்காகத் தூவி, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த அமிலத்தைத் தயாரிக்க ஐந்து பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அடர் அமிலத்தை ஊற்ற வேண்டும்; மாற்றி ஊற்றாதீர்கள்.

அமிலம் மட்டும் இந்தப் படலத்தை அசைக்காது. துத்தநாகத்தோடு சேரும்போது பிறக்கும் ஹைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிறது. மிஞ்சும் வெள்ளீயம் அமிலத்தில் கரைகிறது. நுரைத்து முடிந்ததும் பஞ்சால் துடைத்துக் கழுவி, மல்டிமீட்டரால் சோதித்து, கடத்தினால் மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் இதுவும் புகைபோக்கி அலமாரிக்குள்தான்.

இதற்கு மேல்

எலக்ட்ரான்கள் ஓடும் உங்கள் படலம் எதிர்மின் வகை. முழுக்கத் தெளிவான டையோடு செய்ய நேர்மின் வகைப் படலமும் வேண்டும். 1997-இல் ஜப்பானில் ஹொசோனோ என்ற ஆய்வாளரின் குழுவினர் செம்பு அலுமினிய ஆக்சைடில் அதைக் காட்டினார்கள். ஆனால் அதன் கடத்துதிறன் இண்டியம் வகையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. அந்தப் பள்ளம் இன்னும் சரியாக நிரம்பவில்லை. அதே குழு 2004-இல் இண்டியம், காலியம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த ஆக்சைடால் வளையும் பிளாஸ்டிக்கில் தெளிவான டிரான்சிஸ்டர் செய்தது. இன்று பல திரைகளின் உள்ளே அந்த ஆக்சைடு இருக்கிறது. நமக்கு அருகிலேயே கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் தெளிவான மின்னணுவியலில் நீண்ட காலமாக ஆய்வு நடந்துவந்திருக்கிறது. முதுநிலைக்குப் போக நினைக்கும் எல்லையோர மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தகட்டை வேலை செய்யவைத்தல்

செய்த தகட்டை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். 20 ஓம் அளவில் ஒரு சதுரம் கிடைத்தால், வெள்ளிப் பசைக் கோடுகளில் கம்பியை ஒட்டி 6 வோல்ட் இணைப்பைக் கொடுங்கள். 0.3 ஆம்பியர் ஓடும், 1.8 வாட் வெப்பம் பிறக்கும். 12 வோல்ட் கொடுத்தால் வெப்பம் நான்கு மடங்காகி விரலைச் சுடும், ஆகவே 6-இல் நில்லுங்கள். மார்கழிக் காலையில் இதைச் செய்வோம். பக்கத்தில் படலமில்லாத ஒரு வெறும் தகட்டை வைத்து, இரண்டின் மீதும் ஒரே நேரத்தில் வாயால் ஊதச் சொல்வேன். இரண்டும் மங்கும். சில விநாடிகளில், வெள்ளிக் கோடுகளுக்கு நடுவே உள்ள சதுரம் மட்டும் தெளியத் தொடங்கும். பக்கத்துத் தகட்டில் மூச்சின் ஈரம் அப்படியே நிற்கும்.